பதினெட்டாயிரம் வோல்ட் பிரம்மசக்தி

உப்பு விளையாத மழை மாதங்களில்தான் அளத்துக்கரையில் டெலிவிஷன் பெட்டிகளுக்கு உடம்புக்கு முடியாமல் போகும். ஒரு பக்கம் கடலும் மற்ற பக்கமெல்லாம் உப்பளமுமாக உட்கார்ந்திருந்த அந்த ஊரில், ஐப்பசி பிறந்து ஈரக்காற்று திரும்பியதுமே, வீட்டுக்கு வீடு கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் சடசடக்கத் தொடங்கும், பின்பக்கத்துத் துளைகளுக்குள் நீலப் பொறி ஓடும், செய்தி வாசிக்கிறவரின் முகம் வீங்கிப் பெருத்துப் பிறகு மங்கி மறையும், இடி விழுந்த இடத்தில் வருமே அந்த மாதிரி ஒரு வாசனை கூடமெல்லாம் நிறையும். பிக்சர் டியூபுக்குப் போக வேண்டிய பதினெட்டாயிரம் வோல்ட், உப்புப் பூத்த கம்பியில் எங்கே சந்து கிடைக்கும் என்று பார்த்து வெளியே கசிகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அளத்துக்கரையில் எல்லோருமே விவரம் தெரிந்தவர்கள்தான். இருந்தாலும் பெட்டியைத் திறக்க லிங்கத்துரையைத்தான் கூப்பிடுவார்கள்.

லிங்கத்துரை பயந்தவன். தொழில் படித்த இடத்தில் கூட இருந்த ஒருவன், திறந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடியே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவன். அன்றிலிருந்து எந்தப் பெட்டியானாலும் வலது கையால் மட்டும் தொடுவான், இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்வான். ஒரு கையால் ஏறுகிற மின்சாரத்துக்கு இறங்க மறுகை கிடைத்தால்தானே அது நெஞ்சு வழியாகப் போகும் என்பது அவன் கணக்கு. அந்தப் பழக்கம் முற்றி, சோறு தின்னும்போதும் சைக்கிளில் போகும்போதும்கூட அவன் இடது கை தானாகப் பின்னால் போய்விடும். தாலியையே ஒற்றைக் கையால் கட்டப் பார்த்தான், நல்ல வேளை மீதி முடிச்சை அவன் அக்கா போட்டாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் மனைவி பிரம்மசக்தி இந்தக் கேலிக்கு ஊரைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். கல்யாணமாகிக் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற பிள்ளை, ஆறுமுகநயினார், அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தான்.

அந்த ஐப்பசியில் ஊராட்சித் தலைவர் பொன்னுலிங்கத்தின் பெட்டி வைத்தியத்துக்கு வந்தது. லிங்கத்துரையின் வீடு ஒரே அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் தொட்டில், நடுவில் யாருடைய பெட்டியாவது வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். டியூபின் ரப்பர்த் தொப்பி வெடித்திருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்த லிங்கத்துரை, பெட்டியை அணைத்துவிட்டுப் புதுத் தொப்பி வாங்கப் போனான். அணைத்த பெட்டியிலும் டியூபின் கண்ணாடிக்குள் மின்சாரம் பதுங்கிக் கிடக்கும், பின்னால் போகாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுதது. அரிசி களைந்துகொண்டிருந்த பிரம்மசக்தி, பிள்ளை அழுதால் எந்தத் தாய் சுற்றுவழி போவாள், ஈரக் கையோடு பெட்டியின் பின்பக்கமாகவே ஓடினாள்.

டியூபின் வயிற்றிலிருந்து நூல் போல ஒரு நீலப் பொறி கிளம்பி அவள் தோளில் இறங்கியது. வேறு ஊராக இருந்தால் அது அவளைத் தூக்கி எறிந்திருக்கும், இல்லையென்றால் கால் வழியாகத் தரைக்குள் போய்த் தொலைந்திருக்கும். அளத்துக்கரையில் அது அவள் உடம்புக்குள் போய், வெயிலில் அலைந்து வந்தவன் நிழலைக் கண்டதும் உட்காருவது போல, உட்கார்ந்துகொண்டது. அவள் தலைமயிர் முழுக்க அவிழ்ந்து எழுந்து நின்றது. தொட்டில் சங்கிலியிடம் விரலைக் கொண்டுபோகும் முன்பே விரல்நுனியிலிருந்து சுள்ளென்று ஒரு பொறி சங்கிலிக்குத் தாவியது. பிள்ளை ஒரு நொடி அழுகையை நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டு மறுபடி அழுதது. பிரம்மசக்தி கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னட்டி இப்படி நிக்க?" என்று கேட்டபடி லிங்கத்துரை உள்ளே வந்தான்.

"பிள்ளையத் தூக்க முடியல. கை வைக்கப் போனா பொறி பறக்கு."

அவன் டெஸ்டரை எடுத்து நீட்டினான். ஒரு முழம் தள்ளியிருக்கும்போதே அதன் சின்ன பல்பு எரிந்தது. அவன் ஆச்சரியப்படவில்லை, தொழில்காரன் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க மாட்டான். ஸ்க்ரூ டிரைவரில் எர்த் வயரைச் சுற்றி, இடது கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு, அவள் வளையலில் தொட்டான். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது, அவள் மயிர் அடங்கித் தோளில் விழுந்தது. இப்ப தூக்கு என்றான். அவள் தொட்டிலை நெருங்கவும் மயிர் மறுபடி எழுந்தது. டியூபுகளும் அப்படித்தான், ஒரு தடவை இறக்கினால் முழுக்க இறங்காது, கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கிற மிச்சம் மெல்ல மெல்லத் திரண்டு பழையபடி ஏறும், திரும்பத் திரும்ப இறக்க வேண்டும் என்று அவன் அவளுக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டு சாயங்காலம்வரை இறக்கிக்கொண்டே இருந்தான். பிள்ளை தொண்டை கட்டும்வரை அழுதது. கடைசியில் அடுத்த தெருவிலிருந்து அவனுடைய அண்ணன் மனைவி சண்முகக்கனி வந்து, கொஞ்ச நாளைக்கு நான் வச்சிருக்கேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சண்முகக்கனிக்குப் பிள்ளை கிடையாது. தூக்கிக்கொண்டு போகும்போது அவள் நடை சற்று வேகமாக இருந்ததைப் பிரம்மசக்தி பார்த்தாள்.

செய்தி உப்பளம் வரை போனது, ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டு, மின்சாரம் இருக்கிற பொம்பளை இப்படித்தான் இருப்பாள் என்று தலையை ஆட்டிக்கொண்டார்கள். கம்பவுண்டர் நாடி பார்க்க விரலை நீட்டி, விரலை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பேயோட்டுகிற கோடாங்கி வந்து இது நம்ம இலாகா இல்லை, கரண்டு ஆபீஸைப் பாருங்கள் என்றார். கரண்டு ஆபீஸிலிருந்து வந்த லைன்மேன், கம்பத்திலிருந்து வராத கரண்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்துக்குள் வேறொன்றைக் கண்டுபிடித்தது ஊர்தான். பிரம்மசக்தி வீட்டைச் சுற்றியிருந்த வீடுகளில், மழைக்காலத்தில் எப்போதும் அழுக்குத் துணி போலத் தெரிகிற படம், கழுவிவிட்ட மாதிரி துலங்கியது. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம்கூட, மூங்கிலின் உச்சியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி மாதக்கணக்கில் மன்றாடினாலும் வராத அந்த நிலையம்கூட, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப்பார்ப்பது போலச் சும்மா வந்து நின்றது. அவள் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடித் தெருவில் படம் துலங்கியது, கடைக்குப் போனால் கடைத்தெருவில் துலங்கியது. இதைக் கேள்விப்பட்ட மேலத்தெருக்காரர்கள், எங்கள் தெரு என்ன பாவம் செய்தது என்று தலைவரிடம் போய் நின்றார்கள்.

தலைவர் பொன்னுலிங்கம் நியாயஸ்தர். யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று, ஊருக்கு நடுவிலிருந்த உப்பளத் தொழிலாளர் படிப்பகத்தைக் காலி செய்யச் சொல்லி, ஒரு மர பெஞ்சைப் போட்டு, மின்சாரம் தரையில் இறங்கிவிடாமல் இருக்க அதன் கால்களுக்குக் கீழே கண்ணாடித் தம்ளர்களைக் கவிழ்த்துவைத்து, பிரம்மசக்திக்குக் கெட்டி ரப்பர் செருப்பும் வாங்கிக்கொடுத்தார்.

"இந்த ஞாயித்துக்கிழமை படம் மட்டும் முடியட்டும், தாயி. அதுக்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"பிள்ள என்னத் தேடுவான், அண்ணாச்சி."

"சண்முகக்கனி பாத்துக்கிட மாட்டாளா? பெறாத பிள்ளையப் பெத்த பிள்ளையா பாக்கா."

அதுதான் பிரம்மசக்திக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பிள்ளையைத் தூக்க வேண்டும். வெளிச்சமும் வேண்டாம், வேடிக்கையும் வேண்டாம், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டில் அரிசி களைய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஒப்புக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் கிரிக்கெட் வந்தது. கிரிக்கெட் முடிந்ததும், இத்தனை நாள் பொறுத்தாய், கோயில் கொடை விழா வரை பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றார்கள். கொடை முடிந்ததும் மறுபடி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊர் அவளை நன்றாகத்தான் கவனித்தது, அதைச் சொல்லியாக வேண்டும். விதவிதமாகச் சோறு வந்தது, நைலக்ஸ் புடவை வந்தது, பிறகு நைலக்ஸ் பொரிகிறது என்று பருத்திப் புடவை வந்தது, பூ வந்தது, பூ அவள் தலைக்குப் போய்ச் சேரும் முன்பே இதழ் இதழாகப் பிரிந்து தானே பறந்துபோய் ஒட்டிக்கொண்டது. சில பெண்கள் கற்பூரம் ஏற்றப் பார்த்தார்கள். நான் என்ன மாரியாத்தாளா, எடுத்துட்டுப் போங்க அங்கிட்டு என்று அவள் விரட்டிவிட்டாள்.

அவள் முன்னால் வருகிறவர்கள் இடது கையைப் பின்னால் மடக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று லிங்கத்துரை சொல்லிவைத்திருந்தான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. படிப்பகத்தைக் கடக்கிறவர்கள் எல்லாம் இடது கையை மடக்கிக்கொண்டு கடந்தார்கள், பிறகு படிப்பகம் இருக்கிற தெருவுக்கே மடக்கினார்கள், பிறகு அம்மன் சன்னதியிலும் மடக்கினார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகள் மடக்கிக்கொண்டு எழுந்தார்கள், பெண் பார்க்கப் போன வெளியூர் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பதைக் கண்டு, கையில் ஏதோ குறை என்று நினைத்துப் பேசாமல் எழுந்து போனார்கள். சைக்கிளில் ஒற்றைக் கையால் போய் விழுந்து எழுந்தவர்களும் உண்டு. இதெல்லாம் ஏன் என்று கேட்டால், அதுதான் மரியாதை என்றார்கள்.

ஆனால் ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. படம் துலங்கத் துலங்க, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எல்லோர் மேலும் எறும்பு மாதிரி ஊர்ந்தது. பூனைகள் வால் பருத்து ஓட்டில் அலைந்தன, கோழிகள் அடைய மறுத்தன, போட்ட சட்டை உடம்போடு ஒட்டியது, உரித்தால் பொரிந்தது, கூப்பிடுதூரத்தில் எங்கோ யாரோ ஊசியை ஊசியால் உரசுவது போல ஒரு மெல்லிய கீச்சொலி நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்பினார்கள். திரும்பி வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். அங்கேதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பிரம்மசக்திக்கு அந்த நிம்மதியும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் மின்சாரம் அவளை எழுப்பிவிட்டது, எழுந்தால் நடக்கச் சொன்னது, படிப்பகத்தின் நான்கு சுவருக்குள் ரப்பர் செருப்போடு அவள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள், மார் கட்டி வலித்தது, பிழிந்து ஊற்றிய பாலில்கூடப் பொறி மினுங்கியது. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததை யாரோ சோறு கொண்டுவந்தவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். உட்காரப் பழகிவிட்டான் என்பதை இன்னொருத்தி சொன்னாள். ஒரு நாள் அவள் கெஞ்சிக் கேட்டதில், சண்முகக்கனி அவனைத் தெருவில் தள்ளி நின்று காட்டினாள். நயினாரு, ஏ நயினாரு, அம்மாவப் பாரு என்று பிரம்மசக்தி கூப்பிட்டாள். பிள்ளை அவள் தலைமயிரைப் பார்த்தான், உதடு பிதுங்கியது, சட்டென்று திரும்பிச் சண்முகக்கனியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று பிரம்மசக்தி சாப்பிடவில்லை.

லிங்கத்துரை சும்மா இருக்கவில்லை. பெட்டியில் பழுது பார்க்கிற மாதிரியே அவளிடமும் பார்த்தான், ஒவ்வொன்றாகக் கழற்றி எது போனால் பழுது போகிறது என்று பார்ப்பதுதான் முறை. தோட்டைக் கழற்றச் சொன்னான், மெட்டியைக் கழற்றச் சொன்னான், வளையலைக் கழற்றச் சொன்னான், டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது. தாலியையும் கழற்றிப் பாக்கணுமா என்று அவள் கேட்டாள், அவன் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். ஒரு மத்தியானம் டெஸ்டரை நீட்டியபடி அவன் நின்றபோது பல்பு தானாகப் பளிச்சென்று ஏறியது, கொஞ்ச நேரத்தில் தானாகத் தணிந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு, நயினாரு அழுதான், இப்ப நிறுத்திட்டான் என்றாள். மறுநாளும் அப்படியே. பிள்ளை அழுதால் ஏறியது, பிள்ளை அடங்கினால் தணிந்தது, ஆனால் முழுக்க இறங்கும் முன்பே பிள்ளை மறுபடி எதற்காவது அழுதது. பழுது டியூபில் இல்லை, டியூபுக்கு ஊட்டுகிற இடத்தில் இருக்கிறது என்று லிங்கத்துரைக்குப் புரிந்தது.

புரிந்ததும் அவன் செய்த காரியம்தான் தப்பு. பழுதைக் கண்டுபிடித்த மெக்கானிக்குக் கண்டுபிடித்ததை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, எந்த வீட்டில் எந்தப் பெட்டிக்கு எது போயிருந்தது என்று டீக்கடையில் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். நேரே டீக்கடைக்குப் போய், பிள்ள அழுதா ஏறுது, பிள்ள அடங்குனா இறங்குது, கண்டுபுடிச்சாச்சு என்று பெருமையாகச் சொன்னான். கேட்டவர்கள் அப்படியா என்றார்கள். டீ மாஸ்டர் அவனுக்கு ஒரு வடையைச் சும்மா கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், படம் போடுகிற நேரம் நெருங்கும்போதெல்லாம், சொல்லிவைத்தாற்போல ஆறுமுகநயினார் அழத் தொடங்கினான். யாரும் சொல்லிவைக்கவில்லை. தலைவர் சொல்லவில்லை, டீக்கடையில் யாரும் சொல்லவில்லை, சண்முகக்கனி வீட்டில் படம் பார்க்க வருகிறவர்களும் சொல்லவில்லை. பால் மட்டும் தாமதமாகியது. அதுவும் கொஞ்ச நேரம்தான். பிள்ளை என்றால் அழத்தான் செய்யும், அழுதால் நெஞ்சுக்கு நல்லது, குரல் விரியும் என்று எல்லோரும் பெட்டியைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டார்கள். அந்த நேரத்துப் படத்தைப் போல ஒரு படத்தை அளத்துக்கரை அதற்கு முன்பு பார்த்ததில்லை, நடிகையின் மூக்குத்தியில் கல் எத்தனை என்று எண்ணிவிடலாம்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெயில் இன்னும் சாயாத நேரத்தில், பிரம்மசக்தி நடப்பதை நிறுத்திவிட்டு லிங்கத்துரையைப் பார்த்தாள். மழைக்காலம் போய் வெகு நாளாகியிருந்தது, அளத்தில் உப்பு விளையத் தொடங்கியிருந்தது, அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பேச்சு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் இதே நேரத்துக்கு அழுதான். கவனிச்சியளா?"

"பசியா இருக்கும்."

"மத்த நாளு இந்த நேரத்துல பசிக்காதோ? போய்ப் பாத்துட்டு வாங்க."

அவன் போனான். தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு வந்துகொண்டிருந்தது. அண்ணன் வீட்டுக்குள் தெருவே உட்கார்ந்திருந்தது. பெட்டியின் தலைமேல் பால் புட்டி இருந்தது, பால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தூளியில் பிள்ளை முகம் சிவந்து, கை கால் விறைக்க அழுதுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் சண்முகக்கனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"மதினி, பால் ஏன் இன்னும் கொடுக்கல?"

"படம் இப்பத்தானல ஆரம்பிச்சிருக்கு," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், திரும்பாமலேயே.

சண்முகக்கனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மின்சாரம் இறங்கிருச்சுன்னா அவ பிள்ளையக் கேப்பா, கொழுந்தனாரே," என்று மெல்லச் சொன்னாள்.

லிங்கத்துரை பிள்ளையைத் தூக்கினான். தன் வாய்தான் இத்தனைக்கும் காரணம் என்று அவனுக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினான். படிப்பகத்தை நெருங்க நெருங்கப் பிள்ளையின் அழுகை ஏறியது, அழுகை ஏற ஏற வாசலுக்கு வந்து நின்ற பிரம்மசக்தியின் மயிர் விசிறி போல விரிந்தது, படிப்பகத்தின் அணைத்துவைத்திருந்த டியூப் லைட் தானாக எரிந்தது. பத்தடி தள்ளி அவன் நின்றுவிட்டான்.

"பால குடுக்காம போட்டிருக்காவ," என்றான். "படத்துக்காக."

பிரம்மசக்தி கத்தவில்லை. உள்ளே போய், கண்ணாடித் தம்ளர்கள் மேல் நின்ற பெஞ்சில் ஏறி நின்றாள்.

"கம்பியில குருவி உக்காருதே, அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு ஊருக்கெல்லாம் சொன்னியள்ல?"

"தரையத் தொடல. அதனால."

"பிள்ளையும் தரையத் தொடாம, உங்களையும் தொடாம எங்கிட்ட வந்தா?"

அவனுக்கு அது முன்பே தெரியும். முதல் வாரத்திலேயே தெரியும். படுத்தால் அதுதான் கண்ணுக்குள் வரும், நினைத்துப் பார்த்துவிட்டு வியர்த்து எழுந்துவிடுவான். டியூப் போனால் வேறு டியூப் மாட்டலாம். கணக்கு சரிதான், எத்தனை தடவை போட்டாலும் சரியாகத்தான் வந்தது, ஆனால் கணக்கில் நிற்பது அவன் பிள்ளை.

"கை தவறிருச்சுன்னா?"

"நான் தவறவிட மாட்டேன்," என்றாள் பிரம்மசக்தி. "நீங்க விட்டுருங்க, போதும்."

பக்கத்து வீடுகளில் பாட்டு முடிந்து வசனம் தொடங்கியது. லிங்கத்துரை வாசற்படி வரை வந்தான். பிள்ளையை இரண்டு அக்குளிலும் பிடித்தான், ஒரு தடவை மூச்சு இழுத்தான், அப்பன்மார் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிப்போட்டு விளையாடுவது போலத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளைக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது போல, அந்தரத்தில் இருந்த அந்த நேரம் அழுகை நின்றது. பொறி பறக்கும் என்று அவன் காத்திருந்தான். ஈரத்துணியை உதறினாற்போல மெத்தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது பிரம்மசக்தியின் மார்பில் பிள்ளை இருந்தான். அவன் தலையில் இருந்த பூனை மயிரும் அவள் மயிரைப் போலவே நட்டுக்கொண்டு நின்றது. அவன் அவளை உற்றுப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கலாமா என்று யோசித்தான், பிறகு புடவையை மோந்துபார்த்து, எதையோ கண்டுகொண்டவனாக, அவள் மார்பில் முகத்தை முட்டினான். அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள், வாய்க்கு வந்த பெயரையெல்லாம் சொல்லிக் கொஞ்சிக்கொண்டே அழுதாள். பிள்ளை அழவில்லை. குடிக்கிற சுகத்தில், பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தான், அவள் இடுப்பில் இருந்தபடியே ஒன்றுக்குப் போனான். அது அவள் புடவையில் இறங்கி, முழங்காலில் வழிந்து, ரப்பர் செருப்பைத் தாண்டி, பெஞ்சின் விளிம்பில் சொட்டி, தம்ளரையும் நனைத்துக்கொண்டு தரையில் ஓடியது. எர்த் வயரும் ஸ்க்ரூ டிரைவரும் இத்தனை மாதம் செய்ய முடியாததை அது செய்தது. டியூப் லைட் அணைந்தது, இரண்டு பேர் மயிரும் படிந்தது, ஊரெங்கும் வீட்டுக்கு வீடு டப்பென்று ஒரு சத்தம் கேட்டு, கதாநாயகன் பேசப் பேசவே ஒரு புள்ளியாகச் சுருங்கிக் காணாமல் போனான்.

லிங்கத்துரை டெஸ்டரை நீட்டவில்லை. கிட்டே போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் கால் சாதாரணமாக, ஈரமாக, சூடாக இருந்தது.

ஊர் தெருவுக்கு வந்தது. எல்லோரும் இடது கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு படிப்பகத்தின் முன்னால் கூடினார்கள். தலைவர் பொன்னுலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"தாயி, பாதிப் படத்துல போயிருச்சு. மறுபடி எப்ப ஏறும்?"

"பிள்ள அழுதாத்தான் ஏறும், அண்ணாச்சி. இவன் இனிமே அழ மாட்டான்," என்றாள் பிரம்மசக்தி. "வேணும்னா நீங்க எல்லாரும் சேர்ந்து அழுது பாருங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சண்முகக்கனி வந்தாள், ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது, கையில் பால் புட்டியும் துவைத்து மடித்த பிள்ளைத் துணியும் இருந்தன. அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் கையைப் பின்னால் மடக்க மறந்து வந்திருந்தாள். "ஈரமா இருக்கான், குடு, துணி மாத்திட்டுத் தாரேன்" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பிரம்மசக்தி துணியை மட்டும் வாங்கிக்கொண்டாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் உடம்பில் டெஸ்டரை மினுக்கக்கூட ஒரு வோல்ட் இல்லை, ஆனாலும் சண்முகக்கனி சுள்ளென்று கையை இழுத்துக்கொண்டாள், இழுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.